சொல்பேச்சு கேட்கும் வீடு

தம்பி வாங்கித் தந்த பேசும் ஸ்பீக்கரின் வயரைக் கெஸியா சுவரிலிருந்து பிடுங்கினாள். அந்தச் சின்ன வேலைக்கு அவளுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. பிளக்கோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, வெளியே வந்ததும் மூச்சு வாங்கியது. பக்கத்தில் மேசைமேல் வைத்திருந்த போனில் தம்பி ஜாபேஸ் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

ஜாபேஸுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மேனேஜர் வேலை. அக்கா குன்னூர் ஓட்டுப்பட்டறையில், அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன தகரக்கூரை வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்குத் தசைகள் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டு வரும் நோய். எழுந்து போய் லைட் போடுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. வாயால் சொன்னால் லைட் எரியட்டுமே என்று நல்ல எண்ணத்தோடுதான் அந்த ஸ்பீக்கரை வாங்கி வந்தான். தன் கணக்கிலேயே அதைப் பதிவுசெய்து, தன் போனிலேயே எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் கழித்து அன்று போன் செய்து, "ஏன்க்கா, விடியக்காலையில எந்திரிச்சு எந்திரிச்சு மணி கேட்டிருக்கியே, தூக்கம் வரலியா?" என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவள் அந்த இயந்திரத்திடம் கேட்பதெல்லாம் அவன் போனில் வரிசையாகத் தெரியுமாம். அதை அவன் ஒளிக்கவும் இல்லை, அதில் தப்பு இருப்பதாக நினைக்கவும் இல்லை. உடனே வழக்கமான பேச்சுக்கு வந்துவிட்டான். இதற்குத்தான் சொல்கிறேன், மலையில் தனியாக இருக்காதே, எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்த்தளத்து அறை உனக்காகக் காலியாக இருக்கிறது, ஷண்முகப்ரியா உன்னைத் தாங்குவாள். ஷண்முகப்ரியா அவன் மனைவி. நல்லவள்தான். அது கெஸியாவுக்கும் தெரியும்.

"என் ஊட்டுல நான் மணி கேட்டா உன் போன்ல எதுக்குடா வருது?" என்றாள் கெஸியா. பதிலுக்கு அவன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வயரைப் பிடுங்கினாள்.

அத்தோடு விட்டிருந்தால் கோபம் என்று போயிருக்கும். அவள் விடவில்லை. கேட்கிற இயந்திரம் எனக்கு வேண்டும், ஆனால் அது எனக்காக மட்டும் கேட்க வேண்டும், நான் சொன்னது இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவுசெய்தாள்.

கெஸியாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குன்னூருக்குக் கீழே ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரி ஆபீசில் நெடுங்காலம் ஸ்டோர்ஸ் பார்த்தவள். பெல்ட், பேரிங், ஃபேன் மோட்டார் என்று ஃபேக்டரிக்குத் தேவையானதையெல்லாம் விசாரித்து வாங்கிப்போடுவது அவள் வேலை. டீ டம்ளர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தபோது முதலில் குளிர் என்று நினைத்தாள். பிறகு சமதரையிலேயே கால் தடுக்கியது. வேலூர் வரை போய்ப் பார்த்ததில் நோயின் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. கால் முதலில் போகும், அப்புறம் தோள், அப்புறம் விரல்கள், எல்லாம் நிதானமாகத்தான் நடக்கும் என்று அங்கே இருந்த பெண் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எது போகாது என்று கெஸியா திருப்பிக் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வகையில குரலுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

குன்னூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் அவள் மனதில் ஓடியது. குரல் இருக்கிறது. அப்படியானால் குரலை வைத்துத்தான் இனிப் பிழைப்பு.

வேலையை விட்ட பிறகு வீட்டிலிருந்தே கடைக்காரர்கள் சிலருக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுத்தாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கப் படிகள். இறங்கிவிட்டால் அவளால் ஏற முடியாது. அதனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதுதான் அவள் நடை. காலையிலும் சாயந்தரமும் பக்கத்து வீட்டு அம்சவேணி வந்து குளிக்க உதவி, சமைத்து வைத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் கெஸியாவும் வீடும்தான்.

இன்டர்நெட் இல்லாமலே, வெளியூர்க் கம்பெனி எதுவும் நடுவில் இல்லாமலே, வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேச்சைப் புரிந்து வேலை செய்ய வைக்கலாம் என்று அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். மென்பொருள் இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாங்க வேண்டியது சாமான்கள்தான். எதை வாங்குவது என்பதில்தான் எல்லோரும் இடறி விழுந்திருந்தார்கள். இணையத்தில் படித்த இடங்களிலெல்லாம் ஆட்கள் முதலில் பளபளப்பான ஸ்பீக்கரை வாங்கி, பிறகு அதற்கு ஏற்ற மூளையைத் தேடி, கடைசியில் கரண்ட் போனபோது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கெஸியா ஸ்டோர்ஸில் இருந்தபோது எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: இது நின்றுபோனால் என்ன ஆகும்? இப்போதும் அதையே கேட்டாள். அப்படிக் கேட்டதும் வாங்கும் வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் வந்தது மூளையான கம்ப்யூட்டரும் இல்லை, காதான மைக்கும் இல்லை, பேட்டரிதான்.

எலெக்ட்ரீஷியன் சில்வஸ்டர் பெரிய யு.பி.எஸ். பேட்டரியைப் படிகளில் சுமந்து இறங்கிக்கொண்டே, இதில் எதை ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்றாள் கெஸியா. அவர் பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க மேடம், மாடு வாங்கறதுக்கு முந்தி யாராச்சும் கொட்டாய் போடுவாங்களா?"

"இந்த ஊர்ல மழை மாட்டுக்கு முந்தியே வந்துருமுங்க அண்ணா. நீங்க போடுங்க" என்றாள்.

அடுத்து மூளை. உள்ளங்கை அளவு சின்ன போர்டு ஒன்றைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தாள். அது கரண்டை மிச்சம் பிடித்தது, ஆனால் தமிழைக் கேட்டு யோசித்து முடிப்பதற்குள் சொன்னதே அவளுக்கு மறந்துவிடும்போல இருந்தது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெரிய கம்ப்யூட்டர். என்ன சொன்னாலும் நொடியில் புரிந்துகொள்ளும், ஆனால் கரண்ட் போனால் பேட்டரியை உறிஞ்சிக் குடித்துவிட்டு அதுவும் படுத்துவிடும். ஜாபேஸ் அதைத்தான் வாங்கச் சொன்னான். வாங்குவதே வாங்குகிறாய், நல்லதாக வாங்கு, பணம் நான் தருகிறேன் என்றான். அவனிடமிருந்து பணம் வந்தால் கூடவே பாஸ்வேர்டையும் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிட்டாள்.

சில நாள் யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. உலகத்தில் உள்ளதையெல்லாம் புரிந்துகொள்ளும் இயந்திரம் அவளுக்கு எதற்கு? இந்த வீட்டில் எத்தனை லைட், எத்தனை ஃபேன், ஒரு கீஸர், ஒரு கதவு, ஒரு ரேடியோ. இவற்றைப் பற்றி அவள் பேசுகிற பேச்சைப் புரிந்துகொண்டால் போதும். 'லைட்டைப் போடு' என்பதை அவள் எத்தனை விதமாகச் சொல்வாளோ அத்தனையையும் அவளே எழுதி உள்ளே போட்டால் நடுத்தரமான மூளையே தாராளம். ஏதோ ஆபீசில் உழைத்துக் கழிந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கோயம்புத்தூர்க் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தாள். டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருந்தது. மூடுபனி ஈரத்தில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால், சமையலறை அடுப்பின் சூடு எட்டும் மேல் அலமாரியில் அதற்கு இடம் கொடுத்தாள்.

சுவிட்ச்போர்டுகளைத் திறந்தபோது சில்வஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். பழைய வயரிங், பாதி போர்டுகளுக்கு நியூட்ரல் ஒயரே வரவில்லை. அது இல்லாவிட்டால் சொன்னபடி கேட்கும் ரிலே சுவிட்ச் உள்ளே உயிரோடு இருக்காது. புது ஒயர் இழுக்க வேண்டும் என்றார். இழுங்கள் என்றாள். சுவரில் கையால் போடும் சுவிட்ச் எல்லாம் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். இயந்திரம் செத்த நாளில் அம்சவேணி இருட்டில் நிற்கக் கூடாது. கீஸரைக் குரலுக்குக் கொடுத்தாள், அது தானே அணைந்துவிடும் என்பதால். ரூம் ஹீட்டரைக் கொடுக்க மறுத்துவிட்டாள். நெருப்பு மட்டும் மனிதர் கண்முன்னால்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. கதவுக்கு வைத்த பூட்டு சொன்னால் திறக்கும். கரண்டும் பேட்டரியும் சேர்ந்து போனாலும் அம்சவேணியிடம் இருக்கும் சாவிக்குத் திறக்கும்.

எல்லாவற்றிலும் மலிவான சாமான் கடைசியில் வந்தது: ஒரு சாதாரண காலிங்பெல். ஆனால் அது மாட்டியிருந்தது கெஸியா வீட்டில் இல்லை, அம்சவேணி வீட்டு அடுக்களையில். வேலியைத் தாண்டி ஒயர் இழுத்து, கெஸியா வீட்டுப் பேட்டரியில் ஓடி, அவள் சொன்னால் அங்கே அடிக்கும்படி செய்தார்கள். போன் டவர் போனாலும் ஒயர் போகாது.

இயந்திரத்துக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால்தான் அது காதைத் திறக்கும். 'ஏனுங்க' என்று வைக்கலாம் என்று சிரித்தாள் அம்சவேணி. வருகிற போகிற ஆளெல்லாம் ஏனுங்க என்பார்கள், அது ஓயாமல் விழித்துக்கொண்டே இருக்கும். நீளமான பெயராக இருந்தால் தப்பாகக் கேட்காது என்று படித்திருந்தாள் கெஸியா. அவள் அம்மா இலை பறித்த காலத்தில் வரிசையில் நின்று அதட்டிய ஆள் கணக்கப்பிள்ளை. அந்தப் பெயரையே வைத்தாள். தன் குரலிலேயே நூற்றுக்கணக்கான தடவை 'கணக்கப்பிள்ளை' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கினாள். சளி பிடித்த குரலில், வாய் நிறையச் சோற்றோடு, படுத்துக்கொண்டு, கோபமாக, எல்லா விதத்திலும். முதல் தடவை, "கணக்கப்பிள்ளை, கூடத்து லைட்டைப் போடு" என்றதும் லைட் எரிந்தபோது அம்சவேணி கைதட்டினாள். கெஸியா அணைக்கச் சொன்னாள், போடச் சொன்னாள், மறுபடி அணைக்கச் சொன்னாள். அதற்குச் சலிக்கவில்லை.

ஜாபேஸ் வந்து பார்த்தான். சாமர்த்தியம்தான் என்று ஒப்புக்கொண்டான். ஆனால் ஐப்பசி மழை வரட்டும், அது ஒரு சீசன் தாங்கினால் அப்புறம் நான் உன்னைக் கூப்பிடுவதில்லை என்றான்.

"இது பரீட்சை இல்லை ஜாபேஸ். மார்க் போடறதுக்கு உன்னை யாரும் கூப்பிடலை" என்றாள் கெஸியா.

ஐப்பசி மழை வந்தது. அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டதுபோலக் கொட்டியது. பர்லியார் பக்கம் மண்சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது. சிம்ஸ் பார்க்குக்குக் கீழே மரம் விழுந்து கரண்ட் போனது, போன் சிக்னலும் போனது. பேட்டரி வீட்டைத் தாங்கியது. கணக்கப்பிள்ளை மேல் அலமாரியில் சொகுசாக இருந்தான். ஊரெல்லாம் இருண்டு கிடந்தபோது அவள் சொன்ன லைட் எரிந்தது. கெஸியாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்பும்போது வாக்கரின் கால் ஈரத்தில் வழுக்கியது. அவளும் வாக்கரும் சேர்ந்து இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய நடைபாதையில் விழுந்தார்கள். இடது முழங்கை தரையில் இடித்தது. போன் மேசைமேல் இருந்தது. இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அவள் பதறவில்லை. இதற்காகத்தானே எல்லாம். "கணக்கப்பிள்ளை, பெல் அடி" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தலைக்குமேல் தகரத்தில் மழை கல்லைக் கொட்டுவதுபோலக் கொட்டியது. மறுபடி கூப்பிட்டாள். கத்தினாள். தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மைக் சுவரில், சுவிட்ச்போர்டு உயரத்தில் இருந்தது. நிற்கிற ஆளின் வாய்க்கு நேராக. அவள் தரையில் கிடந்தாள்.

வாங்கும்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டவள், விழுந்து கிடக்கும்போது எங்கிருந்து பேசுவேன் என்று மட்டும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவள் அழவில்லை என்று பின்னால் அம்சவேணியிடம் சொன்னாள்.

படுக்கையறைக்கு மட்டும் தகரத்துக்குக் கீழே பலகை மச்சு உண்டு. மழைச் சத்தம் அங்கே பாதிதான். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் இன்னொரு மைக் இருந்தது. அங்கே போக வேண்டும். கைகளில் வலு இல்லை, முழங்கையில் கொஞ்சம் இருந்தது. வலிக்கிற முழங்கையையும் வலிக்காததையும் மாற்றி மாற்றி ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். நிலைப்படியைத் தாண்டுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. தாண்டியதும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து மூச்சை வாங்கிக்கொண்டு, தலையைத் தூக்கி, மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

"பெல் அடிச்சாச்சு" என்றது கணக்கப்பிள்ளையின் குரல்.

அம்சவேணி தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். தூக்கி உட்காரவைத்து, முழங்கையில் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினாள். உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டாம், கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிவிடலாம் என்றாள். கெஸியா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

ஜாபேஸ் மறுநாளுக்கு மறுநாள் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். போன் கிடைக்காமல் தவித்துப்போயிருந்தான், கண் சிவந்திருந்தது. முழங்கைக் கட்டைப் பார்த்து அவன் வாயைத் திறப்பதற்குள் கெஸியாவே நடந்ததைச் சொன்னாள். எங்கே விழுந்தாள், இயந்திரத்துக்கு ஏன் கேட்கவில்லை, எப்படி இழுத்துக்கொண்டு போனாள், எதையும் விடவில்லை.

அவன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான். "இன்னிக்கு அந்த ரூம் வரைக்கும் போக முடிஞ்சுது. நாளைக்கு முடியலேன்னா என்னக்கா பண்ணுவே?"

நியாயமான கேள்வி. அவள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

"நாளைக்கு முடியாது. அது உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் காதைக் கீழ வைக்கப்போறேன். முழங்கால் உசரத்துல, நடைபாதையில ஒண்ணு, பாத்ரூம் வாசல்ல ஒண்ணு. தகரத்துக்குக் கீழ பலகை அடிக்கச் சொல்லியாச்சு."

"எங்கூட வந்தா இதெல்லாம் எதுக்கு?"

"உங்க ஊட்டுல விழமாட்டேனா? அங்க விழுந்தா உன் ஊட்டுல விழுவேன். இங்க என் ஊட்டுல விழுந்தேன். அதுதான் வித்தியாசம்."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேண்டாம்டா. நான் உன்னைக் கேக்கலையே."

அந்த நேரம் பார்த்து சில்வஸ்டர் படியிறங்கி வந்தார், ஒயர்ச் சுருளும் டிரில்லுமாக. வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது. எந்த இடத்தில் மாட்டினால் இந்தச் சத்தத்தில் குரல் எட்டும் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும், யாராவது தரையில் படுத்துப் பார்க்க வேண்டுமே என்றார். அவருக்கு இடுப்புவலி, குனியவே முடியாது. கெஸியாவைப் படுக்கவைத்தால் தூக்குவது யார்?

கணக்கப்பிள்ளைக்கு அவள் குரல்தான் பழக்கம் என்பதால், கெஸியா தன் போனில் உரக்கக் கூப்பிட்டுப் பதிவுசெய்தாள். அதைத் தம்பியிடம் நீட்டினாள். ஜாபேஸ் அக்காவைப் பார்த்தான், ஈரத் தரையைப் பார்த்தான். ஷூவைக் கழற்றினான். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு நடைபாதையில் மல்லாந்து படுத்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். கேட்கவில்லை. சில்வஸ்டர் மைக்கை இரண்டு சாண் தள்ளிப் பிடித்தார். கேட்கவில்லை. குப்புறப் படுங்கள் என்றாள் அம்சவேணி, அக்கா அப்படித்தான் கிடந்தாங்க. அவன் குப்புறப் படுத்தான். முகத்தைத் தரையில் வைத்தபடி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். அவன் என்ன நினைத்தான் என்று கெஸியா கேட்கவில்லை. நாலாவது இடத்தில் பெல் அடித்தது. சில்வஸ்டர் பென்சிலால் சுவரில் குறி போட்டார்.

சாயந்தரம் கிளம்பும்போதும் ஜாபேஸ், நான் இன்னும் ஒத்துக்கவில்லை என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். மாதத்துக்கு ஒருமுறை வருகிறான், வரும்போதெல்லாம் கூப்பிடுகிறான். அவளும் அதே பதிலைச் சொல்கிறாள். அதில் இருவருக்கும் இப்போது மனத்தாங்கல் இல்லை.

பலகை அடித்த பிறகு கூடத்தில் மழை காதை அடைப்பதில்லை. அதற்குப் பிறகு அவள் மூன்று தடவை விழுந்திருக்கிறாள். மூன்று தடவையும் கிடந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள், அம்சவேணி வந்தாள். வாக்கர் போய் வீல்சேர் வந்துவிட்டது. போன மார்கழியில் வலதுகைப் பெருவிரலும் மடங்க மறுத்தது. இனி கீபோர்டைத் தட்டிக் கடைக்காரர்களின் கணக்கைப் போட முடியாது. எண்களையெல்லாம் வாயாலேயே சொல்லிக் கணக்கெழுத வேண்டும். அதற்கு இந்த மூளை போதாது. வேகமானது வேண்டும், அதற்குத் தகுந்த இன்னொரு பேட்டரியும் வேண்டும். இத்தனை சிரமப்பட்டு வேலை செய்துதான் ஆக வேண்டுமா, பேசாமல் இருந்தால் என்ன என்று ஜாபேஸ் கேட்டான்.

பேசாமல் எப்படி இருப்பது என்று கேட்டுவிட்டு, அவள் பேட்டரிக்கு ஆர்டர் போட்டாள்.